வன்பொருள் டீபக் கருவி வாங்கும் முன்: உங்கள் பிசி எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறது?

பயாஸ் (மெஷினை எழுப்பும் முதல் நிரல்), பூட்லோடர் (கெர்னலை ஏற்றுவது), கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையம்) டிரைவர் என்று எழுதத் தொடங்கியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த ஜேடேக் வாங்கலாம்?" என்பதுதான். ஜேடேக் என்பது ப்ராசசரையே வெளியிலிருந்து நிறுத்தி உள்ளே பார்க்கும் டீபக் (பிழை தேடும்) கருவி. பிசியைப் பொறுத்தவரை அதற்குப் பெரும்பாலும் பதில், "இப்போதைக்கு எதுவும் வேண்டாம்." முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் மெஷின் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறது என்பது. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கூடச் சுற்றவில்லையா? ஃபேன் சுற்றி, திரை மட்டும் கறுப்பாக நிற்கிறதா? பூட்லோடர் வரை வந்து, கெர்னல் தொடங்கியதும் நின்றுபோகிறதா? எல்லாம் நன்றாக ஓடி, உங்கள் டிரைவரை ஏற்றியதும் உறைந்துபோகிறதா? அல்லது மெஷினுக்கு ஒன்றுமில்லை, அதில் செருகிய சாதனம்தான் தப்பான எண்ணைத் தருகிறதா? இந்த ஐந்துக்கும் கருவி வேறு வேறு. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றுக்கு அநேகமாக ஆகாது.

தேர்வு செய்ய ஓர் அளவுகோல் போதும்: செத்துக் கிடக்கும் மெஷினிடம் இந்தக் கருவி எவ்வளவு கேட்கிறது? திரையில் ஒரு வரி காட்ட வேண்டுமென்றால் கிராபிக்ஸ் சிப் உயிரோடு இருக்க வேண்டும். நெட்வொர்க் வழியாக லாக் அனுப்ப, கார்டுகளை இணைக்கும் பிசிஐ பஸ், நெட்வொர்க் கார்டு, மெமரி எல்லாம் தயாராகியிருக்க வேண்டும். யூஎஸ்பி வழியென்றால் அதன் கண்ட்ரோலர் எழுந்திருக்க வேண்டும். சீரியல் போர்ட் கேட்பதோ ஒரு ஐ/ஓ (சாதனங்களோடு பேசும்) முகவரியில் ஒரு பைட் எழுதும் வலிமை மட்டும். ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 80 என்ற ஐ/ஓ போர்ட்டில் எழுதுவது அதைவிடக் குறைவாகக் கேட்கும். ரேம் இன்னும் எழாத நிலையிலும் ஒரு அவுட் கட்டளை போதும். குறைவாகக் கேட்கும் கருவிதான் கடைசி வரை கூட நிற்கும்.

காசு செலவழிக்கும் முன், ப்ராசசருக்குள் ஏற்கெனவே இருக்கும் வன்பொருள் டீபக்கரைப் பயன்படுத்திப் பாருங்கள். 1985-இல் வந்த 80386 முதல் எல்லா எக்ஸ்86 ப்ராசசர்களிலும் டீபக் ரெஜிஸ்டர்கள் (ப்ராசசருக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்கள்) உண்டு. டிஆர்0 முதல் டிஆர்3 வரை நான்கு முகவரிகள். டிஆர்7 எதை, எப்படிக் கவனிப்பது என்று சொல்லும். எது நிறுத்தியது என்பது டிஆர்6-இல் தெரியும். ஓர் இடத்தின் கட்டளை ஓடும்போதும், ஒரு வேரியபிளில் எழுதும்போதும், அதைப் படிக்கவோ எழுதவோ தொடும்போதும் இது நிறுத்தும். படிப்பதற்கு மட்டும் நிறுத்தும் வகை கிடையாது. 1, 2, 4 பைட் அகலங்களோடு 64 பிட் ப்ராசசர்களில் 8 பைட்டும் கவனிக்கலாம். முகவரி அந்த அகலத்துக்கு அலைன் ஆகியிருக்க வேண்டும். 4 பைட்டைக் கவனிக்க நான்கால் வகுபடும் முகவரி வேண்டும். ஜிடிபி டீபக்கரில் ஹெச்பிரேக், வாட்ச் கட்டளைகளும், விண்டோஸின் விண்டிபக் டீபக்கரில் பிஏ கட்டளையும் இதைத்தான் பயன்படுத்துகின்றன.

இதில் தெரிந்திருக்க வேண்டிய நான்கைந்து நெளிவுசுளிவுகள் உண்டு. சாதாரண பிரேக்பாயிண்ட் (ஓட்டத்தை நிறுத்த வைக்கும் குறி), கோடில் ஹெக்ஸ் சிசி என்ற ஒரு பைட்டை எழுதி வைக்கும். கோடு ஃபிளாஷ் சிப்பிலிருந்தே நேராக ஓடினால் அங்கே எழுத முடியாது. பயாஸின் தொடக்கப் பகுதியில் டீபக் ரெஜிஸ்டர் தவிர வேறு வழியில்லை. கட்டளைக்கு வைத்த பிரேக்பாயிண்ட் அந்தக் கட்டளை ஓடும் முன் நிற்கும். டேட்டாவுக்கு வைத்தது எழுதி முடித்த பிறகு நிற்கும். ஆகவே திரையில் தெரியும் வரி குற்றவாளி அல்ல, அதற்கு முந்தைய கட்டளைதான் குற்றவாளி. அடுத்து, இந்த ரெஜிஸ்டர்கள் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி. ஒரு கோரில் வைத்துவிட்டு இன்னொரு கோர் எழுதுவதைப் பிடிக்க முடியாது. நல்ல டீபக்கர் எல்லாக் கோரிலும் வைத்துவிடும். நீங்களே கையால் எழுதினால் மறந்துவிடாதீர்கள்.

பலரை நாள் கணக்கில் அலைய விடுவது இன்னொன்று: டிஎம்ஏ. நெட்வொர்க் கார்டோ டிஸ்க் கண்ட்ரோலரோ ப்ராசசரைக் கேட்காமல் நேரடியாக மெமரியில் எழுதினால், டீபக் ரெஜிஸ்டர் வாயே திறக்காது. வேரியபிள் மாறியிருக்கிறது, எல்லாக் கோரிலும் வாட்ச் வைத்தும் எதுவும் நிற்கவில்லை என்றால், சந்தேகத்தை உடனே சாதனத்தின் பக்கம் திருப்புங்கள். சாதனங்கள் மெமரியைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூவை பயாஸிலும் கெர்னலிலும் இயக்கி, கண்டிப்பான முறையில் வையுங்கள். விடுவித்த பஃபரில் சாதனம் மீண்டும் எழுத வந்தால், பஸ் எண்ணோடும் முகவரியோடும் லாகில் பிழை விழும். ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கும் மிக நல்ல கருவி இது.

இனி வாங்க வேண்டியவை. முதலாவது சீரியல். சந்தேகமே வேண்டாம்.

சோதிக்கப்படும் பிசியின் மதர்போர்டில் பத்துப் பின் இருக்கும் காம் (சீரியல்) ஹெடர் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் ஒரு பின் இருக்காது. தலைகீழாகச் செருகாமல் இருக்க அப்படி விட்டிருப்பார்கள். அந்த ஹெடரிலிருந்து ஒன்பது பின் டிபி9 கனெக்டருக்கு வரும் பிராக்கெட் கேபிள் தேவை. இங்கேதான் முதல் பள்ளம். இந்தக் கேபிளில் இரண்டு வகை வயரிங் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு வகையில் ஹெடரின் 5-ம் பின் கிரவுண்டு, இன்னொரு வகையில் 9-ம் பின் கிரவுண்டு. தப்பான கேபிளைப் போட்டால் ஒன்றும் எரியாது, ஆனால் ஓர் எழுத்தும் வராது. கண்டுபிடிப்பது எளிது: பவரை முழுக்கக் கழற்றிவிட்டு, கேபிளை போர்டில் செருகி, டிபி9-இன் 5-ம் பின்னுக்கும் கேபினெட்டின் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வையுங்கள். பீப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அந்தக் கேபிள் இந்த போர்டுக்குரியது அல்ல.

அதன் லாகைக் கவனிக்கும் இன்னொரு பிசிக்கு யூஎஸ்பி சீரியல் அடாப்டர் போதும். ஆனால் அது ஆர்எஸ்232 வகையாக இருக்க வேண்டும். ஆர்டுயினோ போன்ற சிறு போர்டுகளுக்குப் பயன்படும் 3.3 வோல்ட் டிடிஎல் அடாப்டரை டிபி9-இல் கொடுத்தால் அந்த அடாப்டர் சாகக்கூடும். ஆர்எஸ்232-இல் வேலையில்லாமல் இருக்கும்போது கம்பி மைனஸ் வோல்ட்டில் நிற்கும். விதிப்படி மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வரை. டிடிஎல்லில் அதே நிலை பிளஸ் 3.3. அளவு மட்டுமல்ல, திசையும் தலைகீழ். கையில் இருக்கும் கனெக்டர் எந்த வகை என்று தெரியாவிட்டால் 3-ம் பின்னுக்கும் 5-ம் பின்னுக்கும் இடையே டிசி வோல்ட் அளந்தால் தெரிந்துவிடும். மைனஸ் ஐந்தோ மைனஸ் பத்தோ வந்தால் ஆர்எஸ்232.

இரண்டு பிசிக்கும் இடையே நல் மோடம் (அனுப்பும், பெறும் கம்பிகளைக் குறுக்காக மாற்றிய) கேபிள் வேண்டும்: 2 இந்தப் பக்கத்திலிருந்து 3-க்கு, 3 இந்தப் பக்கத்திலிருந்து 2-க்கு, 5 நேராக 5-க்கு. இந்த மூன்று கம்பி போதும். கடையில் "சீரியல் கேபிள்" என்று கேட்டால் நேர்க் கேபிளைத்தான் தருவார்கள். வாங்கும்போதே சொல்லிக் கேளுங்கள். இணைக்கும் முன், அடாப்டரை மட்டும் வைத்து 2-ம் பின்னையும் 3-ம் பின்னையும் ஒரு சின்ன ஜம்பரால் சேர்த்து, டெர்மினலில் ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரும்பி வர வேண்டும். ஜம்பரை எடுத்த பிறகும் வந்தால் டெர்மினலில் லோக்கல் எக்கோ இயங்குகிறது, சோதனை செல்லாது. மினிகாம் என்ற டெர்மினல் நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோலை (அனுப்பலாமா என்று தனிக் கம்பியில் கேட்கும் முறை) அணைத்துவிடுங்கள். அது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும்; மூன்று கம்பிக் கேபிளில் அந்தச் சிக்னல் வருவதற்கு வழியே இல்லை, எனவே உங்கள் பக்கத்திலிருந்து ஓர் எழுத்தும் போகாது. லாக் வருகிறது, ஆனால் தட்டினால் பதில் இல்லை என்ற புகார்களில் பாதி இதனால்தான்.

மெஷின் பக்கத்தில், முதல் சீரியல் போர்ட்டின் முகவரி ஹெக்ஸ் 3எஃப்8, இரண்டாவது 2எஃப்8. வேகம் 115200, எட்டு டேட்டா பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். சொந்தமாக எழுதும் பூட்லோடரில் ஒரு பைட் அனுப்ப மூன்று வரி கோடு போதும்: அடிப்படை முகவரியோடு 5 கூட்டிய இடத்தைப் படியுங்கள், அதில் 5-ம் பிட் 1 ஆகும் வரை காத்திருங்கள், பிறகு அடிப்படை முகவரியில் பைட்டை எழுதுங்கள். பயாஸ் செட்டப்பில் சீரியல் போர்ட் அணைந்திருந்தால் அந்த இடம் எல்லா பிட்டும் 1 ஆகத் தெரியும். அதனால் உங்கள் லூப் தொங்காது. பைட்டுகள் சத்தமில்லாமல் காற்றில் போகும். இதைத் தவிர்க்க, தொடக்கத்திலேயே அடிப்படையோடு 7 கூட்டிய ஸ்கிராட்ச் ரெஜிஸ்டரில் ஹெக்ஸ் 5ஏ எழுதித் திரும்பப் படியுங்கள். அதே எண் வந்தால் அங்கே நிஜமாகவே ஒரு சிப் இருக்கிறது.

லினக்ஸில் கெர்னல் வரியில் கன்சோலை முதல் சீரியல் போர்ட்டுக்குத் திருப்புவதோடு நிறுத்தாமல், தொடக்கத்திலிருந்தே லாக் அனுப்பும் ஏர்லிபிரிண்ட்கே என்ற வசதியையும் சேர்த்து, அதில் கீப் என்று கொடுங்கள். கன்சோல் மட்டும் இருந்தால் சீரியல் டிரைவர் ஏறும் வரை நடந்த எதுவும் வெளியே வராது. கெர்னல் அதற்கு முன்பே விழுந்தால் வெறும் கறுப்புத்திரைதான். லாகை அடக்கும் க்வயட் என்ற சொல்லை நீக்குங்கள். முகவரிகளைக் கோடோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், கெர்னல் முகவரி பூட்டுக்குப் பூட்டு மாறுவதை நிறுத்தும் நோகேஏஎஸ்எல்ஆர் சேருங்கள். நிறுத்தி நிறுத்தி ஓட்ட, கெர்னலுக்குள் இருக்கும் கேஜிடிபி டீபக்கரை இதே சீரியலில் இணைக்கலாம். அடாப்டரில் எஃப்டிடிஐ நிறுவன சிப் இருந்தால் அதன் லேட்டன்சி டைமர் (பைட்டுகளைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்கும் நேரம்) இயல்பாக 16 மில்லிசெகண்ட். சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகப் பேசும் ஜிடிபி இதனால் நத்தை வேகத்தில் நகரும். கவனிக்கும் பிசியில் அதை 1 ஆக்கினால் வேறுபாடு கண்ணில் தெரியும்.

சீரியலின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். 115200 வேகத்தில் ஒரு செகண்டுக்கு 11520 பைட். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு ஏறத்தாழ 7 மில்லிசெகண்ட். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் ஒரு வரி அச்சடித்தால், 7 மில்லிசெகண்ட் நேரத்தை மெஷினிடமிருந்து பிடுங்குகிறீர்கள். ரேஸ் வகைப் பிழையாக (இரண்டு வேலைகளின் நேர வரிசையால் வருவது) இருந்தால் லாக் போட்டதும் மறைந்துவிடும். எடுத்ததும் திரும்பி வரும். அந்த நேரத்தில் மெமரியில் ஒரு சுழல் பஃபரில் எண்களை மட்டும் எழுதி, பிறகு கொட்டுங்கள்.

காம் ஹெடர் இல்லாத மெஷின்தான் இன்று அதிகம். லேப்டாப் என்றால் நிச்சயமாக இருக்காது. யூஎஸ்பி சீரியல் அடாப்டரைச் சோதிக்கப்படும் பிசியில் செருகுவது பயன்படாது. அது பேசுவதற்கு யூஎஸ்பி டிரைவர்கள் எல்லாம் ஓட வேண்டும். டெஸ்க்டாப் என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டு போடலாம். அதன் முகவரி 3எஃப்8 ஆக இருக்காது, பிசிஐ பட்டியலில் பார்த்து எடுக்க வேண்டும். சில கார்டுகளின் கடிகாரமும் வழக்கமான 1.8432 மெகாஹெர்ட்ஸ் அல்ல. அதே டிவைசரை எழுதினால் வேகம் எங்கோ போய்க் குப்பை எழுத்துகள்தான் வரும். பிசிஐ பஸ் எண்ணப்பட்ட பிறகே இந்தக் கார்டு உயிர் பெறும் என்பதையும் மறக்க வேண்டாம். வீப்ரோ முத்திரை உள்ள இன்டெல் மெஷின்களில் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி (ஏஎம்டி; ப்ராசசர் நிறுவனத்தின் பெயர் அல்ல) என்ற மேலாண்மை வசதி நெட்வொர்க் கேபிள் வழியாகவே ஒரு சீரியல் போர்ட்டைத் தரும். பழைய ஆபீஸ் மெஷின் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குவது நல்லது. டீபக் மெஷினாக அதற்கு நிகர் குறைவு. சர்வர் போர்டுகளில் ஐபிஎம்ஐ என்ற தொலை மேலாண்மை வசதி இதே வேலையைச் செய்யும். உறைந்துபோன மெஷினுக்கு என்எம்ஐ (ப்ராசசர் புறக்கணிக்க முடியாத இன்டரப்ட்) அனுப்பி கிராஷ் டம்ப் (மெமரியின் நகல்) எடுக்கவும் முடியும்.

விண்டோஸ் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு விண்டோஸ் 8 முதல் கேடிநெட் (நெட்வொர்க் வழி கெர்னல் டீபக்) இருக்கிறது. சாதாரண நெட்வொர்க் கேபிள் போதும், வேகமும் சீரியலைவிட எத்தனையோ மடங்கு. ஆனால் நெட்வொர்க் கார்டு மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இருக்க வேண்டும். வாங்கும் முன் பாருங்கள். போர்ட் எண் 50000-ஐ ஒட்டி வையுங்கள். கெர்னல் டீபக்குக்காக செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட நிரலை மட்டும் பூட் செய்ய விடும் காவல்) அணைக்கும் முன், டிஸ்க்கைக் குறியாக்கும் பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த பூட்டில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். கவனிக்கும் பிசியின் ஃபயர்வாலில் விண்டிபக்குக்கு அனுமதி கொடுக்காமல், "இணைப்புக்காகக் காத்திருக்கிறது" என்ற வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

லேப்டாப்புக்கு யூஎஸ்பி 3 டீபக் வழியும் உண்டு. எக்ஸ்ஹெச்சிஐ (யூஎஸ்பி 3) கண்ட்ரோலர் அதை ஆதரித்தால். இதற்குரிய கேபிள் இரண்டு பக்கமும் ஏ வகை, ஆனால் உள்ளே 5 வோல்ட் கம்பி வெட்டப்பட்டிருக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் சாதாரண ஏ-டு-ஏ கேபிளைப் போட்டால் இரண்டு பிசியின் 5 வோல்ட் சப்ளையும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். டீபக் கேபிள் என்று தெளிவாகப் போட்டதை மட்டும் வாங்கி, இரண்டு முனையின் 5 வோல்ட் பின்னுக்கும் இடையே கன்டினியூட்டி இல்லை என்று மல்டிமீட்டரில் உறுதி செய்துகொண்டு செருகுங்கள். நடுவில் ஹப் இருந்தால் வேலை செய்யாது.

திரை வரும் முன்பே நிற்கும் மெஷினுக்குப் போஸ்ட் கார்டு (பயாஸின் தொடக்கச் சோதனை எண்ணைக் காட்டும் ஸ்லாட் கார்டு). 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி காலத்திலிருந்து, பயாஸ் தன் ஒவ்வொரு படியின் எண்ணையும் ஹெக்ஸ் 80 போர்ட்டில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போகும். கார்டு அதை இரண்டு இலக்கமாகக் காட்டும். எந்த எண்ணில் நின்றதோ அந்தப் படியில் சிக்கல். எண்ணின் பொருள் ஒவ்வொரு பயாஸ் நிறுவனத்துக்கும் வேறு. மதர்போர்டு கையேட்டில்தான் பார்க்க வேண்டும், கார்டோடு வரும் பொதுப் பட்டியலை நம்பாதீர்கள். பழைய பிசிஐ ஸ்லாட் கார்டுகள் புதிய போர்டுகளில் வெறும் கோடுகளை மட்டும் காட்டினால் கார்டு கெட்டுப்போகவில்லை. இந்த எண்ணை பிசிஐ பக்கம் அனுப்புவதா எல்பிசி (போர்டின் மெதுவான சிப்களுக்கான பஸ்) பக்கம் அனுப்புவதா என்பதைச் சிப்செட்டில் ஒரு பிட் முடிவு செய்கிறது; அது எல்பிசி பக்கம் திரும்பியிருந்தால் பிசிஐ ஸ்லாட்டுக்கு ஒன்றும் வராது. புதிதாக போர்டு வாங்கும் நிலையில் இருந்தால், இரண்டு இலக்க டிஸ்பிளே போர்டிலேயே பதிந்த ஒன்றை எடுத்துவிடுங்கள். இன்னொரு செய்தி: லினக்ஸ் கெர்னல் சிறு தாமதம் தேவைப்படும்போது இதே 80 போர்ட்டில் எழுதும். எனவே கெர்னல் ஏறிய பிறகு கார்டில் தெரியும் எண்ணுக்கு அர்த்தம் தேடாதீர்கள். உங்கள் டிரைவரிலிருந்து எண் காட்ட விரும்பினால், ஐஓ டிலே என்ற கெர்னல் அளவுருவை 0எக்ஸ்ஈடி போர்ட்டுக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள். ஒரு முறை எழுத ஏறத்தாழ ஒரு மைக்ரோசெகண்ட்தான் செலவு. சீரியல் லாக் கலைத்துவிடும் ரேஸ் பிழைகளுக்கு இது நல்ல மருந்து.

பயாஸில் கை வைப்பவர் இரண்டாவதாக வாங்க வேண்டியது எஸ்பிஐ ஃபிளாஷ் ப்ரோகிராமரும் (பயாஸ் சிப்பில் நேராக எழுதும் கருவி) எட்டுக் கால் கிளிப்பும். தப்பான பயாஸை எழுதி மெஷின் எழவில்லை என்றால் வேறு எந்த டீபக்கரும் காப்பாற்றாது. சில நூறு ரூபாய்க்குச் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் கறுப்பு நிற சிஹெச்341ஏ போர்டைத்தான் பெரும்பாலானவர்கள் வாங்குகிறார்கள். அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஃபிளாஷ் சிப்புக்கு 3.3 வோல்ட் சப்ளை சரியாகவே வரும். ஆனால் ப்ரோகிராமர் சிப் 5 வோல்ட்டில் ஓடுவதால், கிளாக், டேட்டா, செலக்ட் கம்பிகள் 5 வோல்ட்டில் ஆடும். தனி ஃபிளாஷ் சிப் பல நேரம் தாங்கிவிடும். போர்டில் வைத்தே கிளிப் மாட்டும்போது அந்த 5 வோல்ட் சிப்செட்டின் கால்களுக்கும் போகிறது, அதுதான் அச்சம். செலக்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 3.3-க்கு மேல் இருந்தால், ப்ரோகிராமர் சிப்பின் சப்ளைக் காலை 3.3-க்கு மாற்றிச் சால்டர் செய்ய வேண்டும், அல்லது வேறு கருவிக்குப் போக வேண்டும். ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சிறு போர்டில், அதை ப்ரோகிராமராக மாற்றும் செர்ப்ராக் ஃபர்ம்வேரை ஏற்றினால் இயல்பாகவே 3.3 வோல்ட்டில் வேலை செய்யும். பிசியில் ஓடும் ஃபிளாஷ்ராம் நிரல் அதோடு பேசும். சால்டர் பிடிக்கத் தயங்குபவர்களுக்கு இதுவே மேல்.

சிப்பின் மேல் எழுத்தை ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் படியுங்கள். 25க்யூ128 என்றால் 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட். வின்பாண்ட் நிறுவன சிப்பில் அதற்குப் பின் எஃப்வி, ஜேவி என்று வந்தால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ என்று வந்தால் 1.8 வோல்ட். லேப்டாப்களில் 1.8-உம் உண்டு. 1.8 சிப்புக்கு 3.3 கொடுத்தால் சாகக்கூடும், நடுவில் 1.8 வோல்ட் அடாப்டர் வேண்டும். மெயின் கேபிள், லேப்டாப் பேட்டரி, காயின் செல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். சிப்பில் புள்ளி இருக்கும் மூலை 1-ம் கால். கிளிப்பின் சிவப்புக் கம்பி அங்கே வர வேண்டும். கம்பி 10, 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

முதல் வேலை படிப்பது. எழுதுவது அல்ல. மூன்று முறை தனித்தனிக் கோப்பாகப் படித்து மூன்றின் ஹேஷும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறு வேறாக வந்தால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது கம்பி நீளம். சிப்பின் ஐடி முழுக்க எஃப்எஃப் அல்லது முழுக்கச் சுழியம் என்று வந்தாலும் தொடர்பு இல்லை என்றுதான் பொருள். கிளிப் சரியாக இருந்தும் ஐடி வரவில்லையென்றால், ப்ரோகிராமரின் 3.3 வோல்ட்டை போர்டின் மற்றப் பகுதிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. சப்ளைக் காலில் அளந்தால் 2 வோல்ட்டுக்கு இறங்கியிருப்பது தெரியும். அந்த போர்டில் சிப்பைக் கழற்றித்தான் எழுத முடியும். கிளிப்பே பிடிக்க முடியாதபடி கால்கள் அடியில் இருக்கும் டபிள்யூசான் வகைக்கும் அப்படித்தான். முதலில் எடுத்த அசல் கோப்பை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். நெட்வொர்க் முகவரி, சீரியல் எண், விண்டோஸ் லைசென்ஸ் சாவி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதே மாடல் என்று வேறொருவர் மெஷினின் கோப்பை அப்படியே எழுதினால் இவை எல்லாம் போய்விடும்.

கம்பிகளின் 0, 1 மாற்றங்களைப் பதியும் லாஜிக் அனலைசருக்கு வருவோம். எட்டுச் சேனல், செகண்டுக்கு 24 மெகா சாம்பிள் எடுக்கும் மலிவுக் கருவி, சிக்ராக் பல்ஸ்வியூ மென்பொருளோடு அருமையாக வேலை செய்யும். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்து வாங்க வேண்டும். சிக்னலைப் போல நான்கு மடங்காவது சாம்பிள் தேவை. ஆக 6 மெகாஹெர்ட்ஸ்தான் அதன் எல்லை. 100 கிலோஹெர்ட்ஸில் ஓடும் எஸ்எம்பஸ் (போர்டின் சிறு சிப்களுக்கான மெதுவான பஸ்), வெப்ப சென்சார், ரேமின் விவரம் வைக்கும் எஸ்பிடி சிப், டிடிஎல் சீரியல் இவற்றுக்குத் தாராளம். 1 அல்லது 2 மெகா சாம்பிளே போதும், குறைத்து வைத்தால் பதிவு அறுபடாது. இந்தக் கருவிக்குச் சொந்த மெமரி இல்லை, எல்லாம் யூஎஸ்பி வழியாகவே ஓடுகிறது. ஹப்பில் வேறு சாதனத்தோடு பகிர்ந்தால் 24-இல் பதிவு பாதியில் நின்றுவிடும். எல்பிசி பஸ் 33 மெகாஹெர்ட்ஸ். பயாஸ் ஃபிளாஷ் பஸ் அதையும் தாண்டும். அவற்றைப் பார்க்க இதை வாங்காதீர்கள். 1.8 வோல்ட் சிக்னலையும் இது நம்பகமாகப் படிக்காது. ஆர்எஸ்232 கம்பியின் மைனஸ் வோல்ட்டில் நேராக வைத்தால் உள்ளீடு போய்விடும். கிரவுண்டு கம்பியை மறந்துவிட்டு "குப்பையாக வருகிறது" என்பவர்களும் உண்டு.

ஆசிலோஸ்கோப், நிரலாளருக்கு லாஜிக் அனலைசருக்குப் பிறகுதான். சாதனத்தின் சப்ளை ஒரு கணம் சரிவது, ரீசெட் கம்பி நடுங்குவது போன்றவற்றுக்கு 50 மெகாஹெர்ட்ஸ் இரண்டு சேனல் போதும். ப்ரோபின் கிரவுண்டு கிளிப் மின்சார எர்த்தோடு சேர்ந்தது. பவர் சப்ளைப் பெட்டியைத் திறந்து அதன் மெயின் பக்கத்தில் அந்தக் கிளிப்பை வைக்கவே கூடாது; ஸ்கோப்பும் போகும், உயிருக்கும் ஆபத்து. ஃபேன்கூடச் சுற்றாத மெஷினுக்கு ஸ்கோப் தேவையில்லை, மல்டிமீட்டர் போதும். 24 பின் கனெக்டரில் ஊதா நிறக் கம்பியில் எப்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் பச்சை சுழியத்துக்கு இறங்க வேண்டும். பிறகு சப்ளை வோல்ட்டுகள் நிலைக்கு வந்த 500 மில்லிசெகண்டுக்குள் சாம்பல் கம்பி 5 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். 12 வோல்ட் 11.4-க்குக் கீழும், 5 வோல்ட் 4.75-க்குக் கீழும் போனால் கோடில் பிழை தேடுவதை நிறுத்திவிட்டு சப்ளையை மாற்றுங்கள்.

யூஎஸ்பி சாதனத்துக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் வன்பொருள் அனலைசர் வாங்கும் முன் வயர்ஷார்க் நிரலில் லினக்ஸின் யூஎஸ்பிமான் பதிவு எடுங்கள். முக்கால்வாசிச் சிக்கல் அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் அது காட்டுவது கெர்னல் கேட்ட கோரிக்கைகளை மட்டும். கம்பியில் நடந்த நாக் (இப்போது முடியாது என்ற பதில்), சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பிழை, சாதனம் அடையாளம் சொல்லும் முன்பே விழுவது எதுவும் அதில் இருக்காது. "செருகினால் பட்டியலிலேயே வரவில்லை" என்ற சிக்கலுக்குத்தான் சிந்தியான், பீகிள் போன்ற வன்பொருள் அனலைசர்கள் அவசியம்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் அனலைசர் தனிநபர் வாங்கும் விலையில் இல்லை, அதற்கு மாற்றாக இரண்டு பழக்கம் போதும். ரெஜிஸ்டரைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆக வந்தால், அது மதிப்பு அல்ல. சாதனம் பஸ்ஸிலிருந்து போய்விட்டது. டிரைவரில் அதைச் சோதிக்காமல் ஸ்டேட்டஸ் பிட்டுக்காகக் காத்திருக்கும் லூப்கள்தான் பல "மர்ம" உறைவுகளுக்குக் காரணம். மற்றது, லாகில் ஏஇஆர் (பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழை அறிக்கை) பிழைகள் குவிந்தால் பயாஸில் அந்த ஸ்லாட்டை மிகக் குறைந்த ஜென்1 வேகத்துக்கு இறக்குங்கள். பிழை நின்றுவிட்டால் கோடில் குற்றமில்லை. ரைசர் கேபிளையோ ஸ்லாட்டையோ பாருங்கள்.

கடைசியாக, முதலில் கேட்ட ஜேடேக். இன்டெல்லில் ஜேடேக் இணைக்கும் 60 பின் எக்ஸ்டிபி கனெக்டர் ரெஃபரன்ஸ் (மாதிரி) போர்டுகளில் இருக்கும். கடையில் வாங்கும் போர்டில் அந்த இடம் காலியாகவே இருக்கும். 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறை முதல் யூஎஸ்பி 3 வழியாகவே டிசிஐ என்ற வழி வந்தது. ஆனால் விற்பனைக்கு வரும் பயாஸ்களில் அது பூட்டப்பட்டிருக்கும். கனெக்டரையோ ப்ரோபையோ காசு கொடுத்து வாங்கிவிட்டாலும், பூட்டைத் திறக்கும் பயாஸும் உரிய மென்பொருளும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்த வசதி தேவைப்படும் வேலையில் பெரும்பகுதியைக் க்யூஎமு என்ற மெய்நிகர் மெஷின் நிரல் இலவசமாகச் செய்துவிடும். முதல் கட்டளையிலேயே நிறுத்தி, 1234 போர்ட்டில் ஜிடிபியை இணைத்து, பயாஸின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு அடியாக நடக்கலாம். கேவிஎம் (நிஜ ப்ராசசரிலேயே ஓட்டும் முறை) இயக்கி ஓட்டினால் கெர்னல் மெமரியில் ஏறும் முன்பே வைத்த சாதாரண பிரேக்பாயிண்ட், கெர்னல் ஏறும்போது அழிந்துவிடும். அங்கே ஹெச்பிரேக் வையுங்கள். க்யூஎமுவில் சரியாக ஓடி, நிஜ மெஷினில் மட்டும் விழுகிறது என்றால், கேச், டைமிங், சாதனம் மூன்றில் ஒன்றுதான் மிச்சம். அப்போது அந்த மூன்று கம்பிக் கேபிளை எடுத்து மீண்டும் டிபி9-இல் செருகுங்கள்.